கைநாட்டு முதல் கடவுச்சொல் வரை: அடையாளத் திருட்டும் தண்டனைச் சட்டங்களும்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்பவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். பொம்மையார்பாளையத்தைக் கடந்து பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரிக்குள் வந்துவிடுகிறார். சிறிது தொலைவுக்குள் இரண்டு அரசுகள், இரண்டு காவல்துறைகள், இரண்டு ஆதிதிராவிடர் நலத் துறைகள். கடலரிப்பால் கரையை இழந்துவரும் இந்தச் சிற்றூரில்தான் முன்பு புதுவைப் பொறியியல் கல்லூரி என்று அறியப்பட்ட புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்துள்ள காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். எனவே இப்பகுதியின் நகலகங்களுக்கும் இணையச் சேவை மையங்களுக்கும் கல்வி உதவித்தொகைக் காலம் என்று ஒன்று உண்டு.

அக்காலத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவி தன்னைத்தானே எத்தனை முறை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஆதார் அட்டை நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், கைப்பேசி எண், அந்த எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகிய அனைத்தும் பிறர் கையைக் கடந்தே அரசிடம் சேர்கின்றன. சொந்தக் கணினியும் நிலையான வருமானமும் உள்ள குடும்பம் ஆண்டுக்கு ஓரிரு முறை காட்டும் ஆவணங்களை, உரிமைகளுக்காக அரசை நம்பியிருக்கும் குடும்பம் மாதந்தோறும் காட்ட வேண்டியிருக்கிறது. அடையாளத் திருட்டு எல்லோருக்கும் நேரலாம் என்பது உண்மை. ஆனால் எவருடைய ஆவணங்கள் அதிகக் கைகளில் புழங்குகின்றனவோ அவருக்கே ஆபத்து அதிகம் என்பதைச் சைபர் குற்றம் பற்றிய விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் சொல்வதில்லை.

பொருளாதார ஆதாயத்துக்காக இன்னொருவரின் அடையாளத்தைத் திருடுவதைத் தண்டிக்கும் இந்தியச் சட்டங்கள் எவை, அவை தலித்துகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பழைய திருட்டு

கணினி வருவதற்கு முன்பே பெயரைத் திருடும் தொழில் இருந்தது. 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பிறருக்கு விற்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தும் அவை பெருமளவில் கைமாறின. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவரின் கைநாட்டு, அவர் அறியாத வாசகத்தின் கீழ் பதிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. ஆனால் சாலையின் மறுபுறம், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குப் பொருந்தியது. பின்னர், பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட எரிவாயு முகமைகள், ஒப்பந்தங்கள், தொழில் கடன்கள் ஆகியவற்றைத் தலித் ஒருவரின் பெயரில் பெற்று வேறொருவர் அனுபவிக்கும் பினாமி முறை வேரூன்றியது. இதில் ஒரு கொடுமை உண்டு. 2016இல் திருத்தப்பட்ட பினாமி சொத்துப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம், அனுபவித்தவரையும் பெயரை இரவல் கொடுத்தவரையும் ஒரே தட்டில் வைத்து, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ பெயர் வாங்கப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமை பெயரைக் கொடுத்த ஏழையின் தலையில் விழுகிறது.

புதுச்சேரியில் பெயருக்கும் உரிமைக்கும் உள்ள பிணைப்புக்குத் தனி வரலாறும் உண்டு. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து பிரெஞ்சு ஆணை, தம் சமூகத்தின் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழிதந்தது. அவ்வாறு ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொண்டனர். அவ்வழியைத் தேர்ந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் கணிசமானோர். பதிவேட்டில் இடம்பெற்ற ஒரு பெயர் பல தலைமுறைகளின் குடியுரிமையைத் தீர்மானித்த ஊர் இது.

சாலைக்கு அப்பால் நடந்தது

பிள்ளைச்சாவடிக்கு மிக அருகில் நிகழ்ந்த பெரிய நிகழ்வு, 2020இல் தமிழ்நாட்டில் வெளிப்பட்ட பிரதமர் கிசான் திட்ட முறைகேடு. சிறு விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் திட்டம் அது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில், பெருந்தொற்றுக் காலத்தின் சில மாதங்களுக்குள் விவசாயிகள் அல்லாத பல்லாயிரம் பேர் பயனாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். தகுதியற்றவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று அப்போதைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பர் மாதம் அறிவித்தார். ஒப்பந்த ஊழியர்கள் 80 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர், விசாரணை சி.பி.சி.ஐ.டி. காவல்துறையிடம் சென்றது.

இதில் இரண்டு அடையாளத் திருட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. முதலாவது, வேளாண்துறை அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாருக்குக் கிடைத்து, தனியார் கணினி மையங்களிலிருந்து விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இது சட்டநூலில் எழுதிவைத்தது போன்ற தெளிவான குற்றம். இரண்டாவது சற்றுக் குழப்பமானது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி இடைத்தரகர்கள் கேட்டபோது, ஆதாரையும் கணக்குப் புத்தகத்தையும் பலர் தாமாகவே கொடுத்தனர். வந்த பணத்தில் ஒரு பங்கைத் தரகர் எடுத்துக்கொண்டார். பின்னர் அரசு அதே கணக்குகளிலிருந்து தொகையைத் திரும்பப் பெற்றது. தரகருக்குப் போன பங்கையும் சேர்த்துத் திருப்பிச் செலுத்த வேண்டிய நிலை நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு ஏற்பட்டது. ஏமாற்றி வாங்கிய அடையாளமும் திருடிய அடையாளமே என்று கொண்டால் அவர் பாதிக்கப்பட்டவர். அரசின் பட்டியலிலோ அவர் ‘தகுதியற்ற பயனாளி’. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலான தூரமே இக்கட்டுரையின் மையச் சிக்கல்.

உதவித்தொகையும் போலிக் கணக்குகளும்

பட்டியல் சாதி மாணவர்களை நேரடியாகக் குறிவைத்த மோசடிகள் வட மாநிலங்களில் பெரிய அளவில் ஆவணப்படுத்தப்பட்டுள்ளன. இமாச்சலப் பிரதேசத்தில் 2013 முதல் 2017 வரையிலான கல்வி ஆண்டுகளில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகையில் சுமார் 250 கோடி ரூபாய் அளவுக்கு நடந்ததாகக் கூறப்படும் முறைகேட்டை 2019 மே மாதம் முதல் சி.பி.ஐ. விசாரித்தது. லாஹௌல்–ஸ்பிதி பழங்குடி மாவட்டத்து மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பணம் வரவில்லை என்ற முறையீட்டிலிருந்துதான் நூல் பிடிபட்டது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் கணக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கைப்பேசி எண்களோடு இணைக்கப்பட்டிருந்தன என்ற செய்தி, இம்மோசடியின் இயக்கத்தை ஒரே வரியில் விளக்கிவிடுகிறது. பெயர் மாணவருடையது; எண் இன்னொருவருடையது.

உத்தரப் பிரதேசத்தில் 2023இல் அமலாக்கத் துறை சோதனையிட்ட இதுபோன்ற ஒரு வழக்கில், ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் பெயரிலும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர் பெயரிலும் உதவித்தொகைக் கணக்குகள் திறக்கப்பட்டிருந்ததாக அத்துறை தெரிவித்தது. கணக்குகளைத் திறந்துகொடுத்தவர்கள் வங்கி முகவர்கள். உத்தராகண்டிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் உதவித்தொகை முறைகேடுகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தை மாற்றியமைத்து, ஐந்தாண்டுகளுக்கு 59,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில், பணம் ஆதார் வழியே மாணவரின் கணக்குக்கு நேரடியாகச் செல்லும் என்று முடிவு செய்தது. இது கல்லூரியின் கையிலிருந்து பணத்தை எடுத்ததால் ஒருவகை மோசடிக்குத் தடை; அதேவேளை, ஆதாரும் கைப்பேசி எண்ணும் யார் கையில் இருக்கின்றனவோ அவரே மாணவர் என்ற நிலையையும் அது உறுதிப்படுத்தியது. விரல்ரேகையும் திருட முடியாத ஒன்றன்று. 2018இல் தெலங்கானாவில், பதிவுத்துறை இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களின் கைரேகைகளிலிருந்து ரப்பர் அச்சு செய்து சிம் அட்டைகள் உயிர்ப்பிக்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. கைநாட்டுத் திருட்டு நூறாண்டு கழித்து வேறு உருவில் திரும்பியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

சட்டங்கள்

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தபோதும், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 1963இல்தான் இங்கு நீட்டிக்கப்பட்டது. அதுவரை பிரெஞ்சுத் தண்டனைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. இன்று, 2024 ஜூலை 1 முதல், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அந்நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். உதவித்தொகை மோசடிகள் பெரும்பாலும் ஆண்டுகள் கழிந்தே வெளிப்படுவதால் இரு சட்டங்களின் எண்களையும் அறிந்திருப்பது நல்லது.

அடையாளத் திருட்டு என்று பெயர் சொல்லி நேரடியாகத் தண்டிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்னொருவரின் மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் அல்லது அவருக்கே உரிய வேறெந்த அடையாளக் கூறையும் நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 66டி பிரிவு, கணினி அல்லது தொலைத்தொடர்புக் கருவி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு அதே தண்டனையை விதிக்கிறது. இரண்டும் பிணையில் விடத்தக்கவை. பொதுவாகச் சமரசம் செய்துகொள்ளவும் இடமளிப்பவை. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவராகவோ பெண்ணாகவோ இருந்தால் சமரசத்துக்கு இடமில்லை. ஊர்ப் பெரியவர்களின் அழுத்தத்தில் ‘பேசி முடிக்கப்படும்’ வழக்குகளில் இந்த விதிவிலக்கை நினைவூட்டுவது அவசியம்.

நியாய சன்ஹிதாவில் ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு 319(2) பிரிவு. பழைய 419இல் மூன்றாண்டாக இருந்த உச்ச தண்டனை இதில் ஐந்தாண்டு. ஏமாற்றிப் பணமோ சொத்தோ பெறுவது 318(4), ஏழாண்டு வரை. இது பலரும் அறிந்த ‘420’. ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் புனைதல் 336(3), அதையும் ஏழாண்டு வரை தண்டிக்கலாம். போலி என்று தெரிந்தே பயன்படுத்துதல் 340(2). அரசு ஊழியர், வங்கியாளர், முகவர் ஆகியோர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தில் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 316(5), ஆயுள் அல்லது பத்தாண்டு வரை. மதிப்புடைய ஆவணங்களையும், பணம் பெற்றுக்கொண்டதாகக் காட்டும் ரசீதுகளையும் போலியாகப் புனைவதற்கு 338. இதற்கும் ஆயுள் அல்லது பத்தாண்டு வரை. கடைசி இரண்டு எண்களையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

வழக்கு மன்றங்களில் அடிக்கடி எழும் ஓர் எதிர்வாதம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் சிறப்புச் சட்டம் என்பதால், அதன்கீழ் வரும் செயலுக்குப் பொதுத் தண்டனைச் சட்டத்தைச் சேர்க்கக் கூடாது என்பது அது. ஆபாச உள்ளடக்கம் தொடர்பான ஷரத் பாபு திகுமர்த்தி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியதை நீட்டி, 2018இல் ககன் ஹர்ஷ் சர்மா வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் ஏமாற்று, திருட்டுப் பிரிவுகளுக்கும் பொருத்தியது. இந்த வாதம் வென்றால் ஏழாண்டுக் குற்றம் மூன்றாண்டுக் குற்றமாகச் சுருங்கும். எனவே புகாரில் கணினிச் செயலோடு நிறுத்திக்கொள்ளாமல், போலிக் கையொப்பம், போலி ரசீது, கூட்டுச்சதி ஆகிய தனித்தனிச் செயல்களையும் தனித்தனியே எழுதுவது பயனளிக்கும்.

ஆதார் சட்டம் 34 முதல் 40 வரையிலான பிரிவுகளில் ஆள்மாறாட்டத்தையும் தகவல் கசிவையும் தண்டிக்கிறது. உயிருடனிருப்பவராயினும் இறந்தவராயினும், பொய்யான தகவலோ விரல்ரேகையோ தந்து அவராக நடித்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அபராதத் தொகையைக் காணும்போது, மோசடிக் கும்பலுக்கு இது ஒரு நாள் செலவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் இச்சட்டத்தின் பெருங்குறை வேறு. தொடக்கத்தில், ஆதார் ஆணையம் புகார் செய்தால் ஒழிய நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியாது என்று 47ஆம் பிரிவு கூறியது. அடையாளத்தை இழந்தவருக்கே புகார் உரிமை இல்லை. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 34, 35, 36, 37, 40, 41 பிரிவுகளில் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தை அணுகலாம். பல காவல் நிலையங்களில் இன்னும் பழைய பதிலே சொல்லப்படக்கூடும். திருத்தத்தின் ஆண்டைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் அட்டை பெறுவதற்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி வரை தண்டத்தொகை விதிக்க வகைசெய்கிறது. ஆனால் அப்பணம் அரசின் கருவூலத்துக்கே செல்லும். தரவு கசிந்ததால் இழப்புற்றவர் நிறுவனத்திடம் ஈடு கேட்க உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டம் வழிசெய்துள்ளது.

வன்கொடுமைச் சட்டம் எங்கே நிற்கிறது?

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தானாகவே பொருந்தும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அடையாளத் திருட்டில் அது அவ்வளவு எளிதன்று.

சட்டத்தின் 3(2)(வி) பிரிவு, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய தண்டனைச் சட்டக் குற்றத்தை, பாதிக்கப்படுபவர் அல்லது சொத்துக்குரியவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்தால் ஆயுள் தண்டனை விதிக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்ந்த 3(2)(விஏ) பிரிவு, பத்தாண்டுக்குக் குறைந்த குற்றங்களுக்கானது. ஆனால் சட்டத்தின் இணைப்பட்டியலில் உள்ள குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். தாக்குதல், தடுத்து நிறுத்துதல், மிரட்டல், அத்துமீறி நுழைதல், பாலியல் குற்றங்கள், கூட்டுச்சதி ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. 419, 420, 468 ஆகியவை இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டமும் ஆதார் சட்டமும் தண்டனைச் சட்டத்துக்கு வெளியே உள்ளவை என்பதால் 66சி, 66டி ஆகியவையும் இல்லை. அதாவது, தலித் மாணவர் ஆயிரம் பேரின் பெயரைத் திருடி அவர்களின் படிப்பையே நிறுத்திய ஒருவர் மீது, ஆள்மாறாட்டமும் ஏமாற்றும் மட்டும் பதிவானால், வன்கொடுமைச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றமும் நிவாரணமும் முன்பிணைத் தடையும் கிடையா.

2015இல் இணைப்பட்டியலைத் தொகுத்தவர்கள் உடலையும் மானத்தையும் நிலத்தையும் தாக்கும் வன்முறையைக் கண்முன் வைத்திருந்தனர் என்று புரிந்துகொள்ளலாம். அன்றைய நிலையில் அது பிழையன்று. ஆனால் உதவித்தொகை நேரடிப் பணமாற்றமாக மாறிய பிறகும் பட்டியல் அப்படியே இருப்பதற்கு நியாயம் இல்லை.

இருக்கும் சட்டத்துக்குள்ளேயே சில வாயில்கள் உள்ளன. மாணவர் பணம் பெற்றதாகப் போலி ரசீதோ பணம் எடுக்கும் சீட்டோ புனையப்பட்டிருந்தால், முன்னர் குறித்த 338ஆம் பிரிவு (பழைய 467) எழும். அது பத்தாண்டு வரம்பைத் தொடுவதால் 3(2)(வி) பிரிவுக்கு அடித்தளமாகும். வங்கி முகவரோ அரசு ஊழியரோ கையாண்ட பணம் என்றால் 316(5) (பழைய 409) அதே பணியைச் செய்யும். வழங்கப்பட்ட உதவித்தொகை மாணவரின் சொத்து என்று வாதிடுவது வலுவான வாதமே. பலர் கூடிச் செய்திருந்தால் கூட்டுச்சதிப் பிரிவு இணைப்பட்டியலில் இருப்பதைச் சுட்டலாம். பொய்த் தகவல் தந்து அரசு ஊழியரின் அதிகாரத்தைப் பட்டியல் சாதியினருக்குக் கேடாகப் பயன்படுத்த வைப்பதை 3(1)(கியூ) தண்டிக்கிறது. ஒருவர் பெயரில் பொய் விண்ணப்பம் போட்டதால் உண்மையான விண்ணப்பம் ‘ஏற்கெனவே பெற்றவர்’ என்று தள்ளுபடியாகும்போது இப்பிரிவை முன்வைக்க இடமுண்டு.

‘தெரிந்தே’ செய்தார் என்பதை எவ்வாறு நிறுவுவது? உதவித்தொகை மோசடியில் இது மற்ற வழக்குகளைவிட எளிது. திருடப்பட்ட கோப்பிலேயே சாதிச் சான்றிதழ் இருக்கிறது. சாதியே அத்திருட்டின் மூலப்பொருள். இதோடு, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரிந்திருந்தால் சாதி தெரிந்திருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும் என்று 8(சி) பிரிவு கூறுகிறது.

வன்கொடுமைச் சட்டம் சேர்வதால் விளையும் வேறுபாடு தண்டனையின் அளவைத் தாண்டியது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாட்கள் முதனிலை விசாரணை நடத்த இடமளிக்கிறது. 66சி, 66டி, 319(2) மூன்றும் இந்த வலைக்குள் விழும். சைபர் மோசடியில் பதினான்கு நாட்கள் என்பது பணம் பல கணக்குகளைத் தாண்டி மறைவதற்குப் போதுமான காலம். வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவோ, முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதனிலை விசாரணை தேவையில்லை என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. புலனாய்வு துணைக் கண்காணிப்பாளர் நிலையில் நடக்கும். விதிகளின்படி நிவாரணமும் வழங்கப்பட வேண்டும்.

எல்லைக்கு இருபுறமும்

பிள்ளைச்சாவடிக்காரர் ஒருவரின் சிம் அட்டை கோட்டக்குப்பத்தில் வாங்கப்பட்டிருக்கும். வங்கிக் கிளை புதுச்சேரியில். மோசடிக் கணக்கு ஜார்க்கண்டில். ‘எங்கள் எல்லையில் வராது’ என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 173(1) பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மின்னணு வழியில் தந்தால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பி, அதன் பிறகு 175(3) பிரிவின்கீழ் நடுவரை அணுகலாம். பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றத்தில் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், அச்சாதியினர் அல்லாத அரசு ஊழியருக்கு வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.

சாதிப் பட்டியல்கள் மாநிலவாரியானவை என்பதால் எல்லையோர மக்களுக்கு இன்னொரு ஐயமும் எழும். புதுச்சேரிக்கு 1964இல் தனி ஆணை பிறப்பிக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டில் பூர்வீகம், குடியேற்றம் என்ற வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த மாநிலத்தோடு முடிந்துவிடாது. குற்றம் நடந்த இடத்தில் அவர் சாதி பட்டியலில் இல்லாவிட்டாலும் அச்சட்டம் அவரைக் காக்கும் என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு புதுச்சேரியையோ தமிழ்நாட்டையோ கட்டுப்படுத்தாது எனினும் மேற்கோளாகக் காட்டத்தக்கது.

திருடப்பட்டவரே குற்றவாளி ஆகும்போது

நடைமுறையில் மிகக் கொடிய கட்டம் இது. நூறு நாள் வேலைக்கோ உதவித்தொகைக்கோ என்று சொல்லித் திறக்கப்பட்ட ஒரு கணக்கு, மோசடிப் பணம் கடக்கும் பாதையாகப் பயன்படுகிறது. பிறகு வேறொரு மாநிலக் காவல்துறை கணக்கை முடக்குகிறது. கணக்கின் பெயருக்குரியவருக்கு அறிவிப்பு வருகிறது. மொழி தெரியாத ஊருக்குச் சென்று, தான் திருடவில்லை, தன் பெயர்தான் திருடப்பட்டது என்று அவர் விளக்க வேண்டும். நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு சைபர் குற்றங்களையும் அமைப்புசார் குற்றத்துக்குள் கொண்டுவந்து, குறைந்தது ஐந்தாண்டுத் தண்டனை விதிப்பதால், கும்பலின் கடைசிக் கண்ணியாக அறியாமல் நின்றவரும் அஞ்ச வேண்டியிருக்கிறது. ஏமாற்றில் நேர்மையற்ற நோக்கம் அரசுத் தரப்பால் நிறுவப்பட வேண்டும் என்பதே சட்டம். ஆயினும் பிணை கிடைக்கும் வரை அந்தக் கோட்பாடு சிறைக்கதவைத் திறப்பதில்லை.

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலிருந்தே அடையாளத் திருட்டு தனிக் கூட்டாட்சிக் குற்றம். பெயர் திருடப்பட்டவர் அரசிடம் முறையிட்டுப் பெறும் அறிக்கையைக் கடன் நிறுவனங்களிடம் காட்டிப் பொய்க் கடன்களை நீக்கக் கோரலாம். பிரான்சு 2011இல் தண்டனைச் சட்டத்தில் 226-4-1 பிரிவைச் சேர்த்து, அடையாளத்தை அபகரிப்பதற்கு ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதித்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, இன்னொருவர் பெயரை அவர் மீது குற்ற வழக்கு எழக்கூடிய சூழலில் பயன்படுத்தினால் ஐந்தாண்டு என்ற அந்நாட்டின் 434-23 பிரிவு. பணம் இழப்பதைவிட, செய்யாத குற்றத்துக்குப் பெயர் பலியாவது பெரிய தீங்கு என்று அச்சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோர் இன்றும் வாழும் புதுச்சேரியில், சாலையின் ஒரே வீட்டில் ஒருவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தரும் நாடு ஒன்றாகவும் இன்னொருவருக்கு வேறாகவும் இருப்பதை எண்ணினால் வியப்பே.

இன்னொரு வகைத் திருட்டு தனிமனிதருடையது அன்று. பட்டியல் சாதியல்லாதவர் போலிச் சாதிச் சான்றிதழ் பெற்று இடத்தையும் பணியையும் அபகரிப்பது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் சரிபார்ப்புக் குழுக்களுக்கான நெறிகளை வகுத்த உச்ச நீதிமன்றம், 2017இல் ஜகதீஷ் பாலராம் பஹீரா வழக்கில், போலிச் சான்றிதழால் பெற்ற பயனை எத்தனை ஆண்டு கழிந்தாலும் தக்கவைக்க முடியாது என்றது. இதற்கெனத் தனித் தண்டனைச் சட்டம் மகாராட்டிரத்தில் உள்ளது. தனிச் சட்டம் இல்லாத இடங்களில் ஏமாற்று, போலி ஆவணப் பிரிவுகளே கைகொடுக்க வேண்டும். இது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

உடனடியாகச் செய்யத்தக்கவை

பணம் போனது தெரிந்த அன்றே 1930 என்ற தேசிய உதவி எண்ணில் தெரிவித்தால், பணம் நிற்கும் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும். 2017 ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறின்றி மூன்றாம் நபரால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாகவேனும் வங்கி வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிறுவும் சுமை வங்கியுடையது. ஆதாரின் விரல்ரேகைப் பூட்டை ஆணையத்தின் செயலியில் இலவசமாகப் போடலாம். ஆனால் விரல்ரேகை வைத்து ஓய்வூதியமும் கூலியும் பெறும் முதியவர் ஒவ்வொரு முறையும் அதைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், எல்லோருக்கும் இது பொருந்தும் என்று அறிவுரைப்பது எளிதன்று. தம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் காணலாம்.

புகாரில் இழந்த தொகையோடு, பாதிக்கப்பட்டவரின் சாதி, சாதிச் சான்றிதழ் நகல் யாரிடம் எந்நாளில் கொடுக்கப்பட்டது, கணக்கோடு இணைந்துள்ள கைப்பேசி எண் யாருடையது, ரசீதில் உள்ள கையொப்பம் யாருடையது ஆகியவற்றை எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைச் சட்டப் பிரிவு விடுபட்டிருந்தால், புலனாய்வு முடியும் முன்பே சேர்க்கக் கோரி மனு தரலாம். தொண்ணூறு நாட்களுக்குள் புலனாய்வின் நிலையைத் தகவல் தந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது 193ஆம் பிரிவின் கட்டளை. குற்றத்தால் ஈட்டிய சொத்தை நீதிமன்ற ஆணையால் பறிமுதல் செய்து, மாவட்ட ஆட்சியர் வழியே பாதிக்கப்பட்டோருக்குப் பகிர்ந்தளிக்க 107ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆணை கிடைத்த அறுபது நாட்களுக்குள் ஆட்சியர் அதை முடிக்க வேண்டும். உதவித்தொகை மோசடியில் பணம் அரசுக்கே திரும்ப வேண்டும் என்று துறைகள் கோருவது வழக்கம். படிப்பை இழந்த மாணவரும் அப்பிரிவின் பொருளில் பாதிக்கப்பட்டவரே என்று முதல் விசாரணை நாளிலேயே மனு செய்தால், அந்தக் கோரிக்கையை நீதிமன்றம் கேட்டாக வேண்டும்.